‘விட’வும் ‘தேன்’னும்: ஆங்கில ஒப்பீட்டு வாக்கியம் எழுதப் பழகுவோருக்கு

“மதுரை வெயில் கொடைக்கானலைவிட அதிகம்.” மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் நின்று யாரிடம் சொன்னாலும் ஆமாம் என்பார்கள். வெயிலுக்கும் ஊருக்கும் என்ன ஒப்பு என்று ஒருவரும் மடக்க மாட்டார்கள். அதையே “தி ஹீட் ஆஃப் மதுரை இஸ் கிரேட்டர் தேன் கொடைக்கானல்” என்று ஆங்கிலத்தில் எழுதினால் பிழை. ஒரு பக்கம் வெயில் இருக்கிறது, மறுபக்கம் ஊர் இருக்கிறது. வெயிலை வெயிலோடு ஒப்பிட வேண்டும், அல்லது ஊரை ஊரோடு. கோச்சிங் சென்டர்களில் இதைப் ‘பேரலலிசம்’ என்பார்கள், தமிழில் இணையமைப்பு. பெயர் பெரிதாக இருக்கிறதே தவிர விஷயம் இவ்வளவுதான்: ‘தேன்’ என்ற சொல்லுக்கு இந்தப் பக்கம் என்ன வடிவமோ, அந்தப் பக்கமும் அதே வடிவம்.

‘டால்’ என்றால் உயரம், ஒப்பிடும்போது ‘அர்’ சேரும், நீளமான சொல்லாக இருந்தால் ‘மோர்’ வரும் என்பது வரை தெரிந்தவர்களுக்கு இந்தக் கட்டுரை. வங்கித் தேர்வு, எஸ்எஸ்சி போன்றவற்றில் பிழையுள்ள பகுதியைக் கண்டுபிடிக்கச் சொல்லும் கேள்விகளில் மாட்டிக்கொள்பவர்களும், ஐஇஎல்டிஎஸ் கட்டுரை எழுதப் பழகுபவர்களும் இங்கிருந்து தொடங்கலாம்.

ஆங்கில வாக்கியங்கள் எல்லாம் இங்கே தமிழ் எழுத்தில் இருக்கின்றன. கண்ணால் ஓட்டிவிடாமல் வாய்விட்டுப் படித்து, பிறகு நோட்டில் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒப்பீட்டுச் சொல்லான ‘தேன்’னில் மூன்றாவது எழுத்து ‘ஏ’. ‘அப்புறம்’ என்று பொருள்படும் ‘தென்’னில் மூன்றாவது எழுத்து ‘ஈ’. இந்த ஒரு எழுத்துக்கு மதிப்பெண் விட்டவர்கள் நிறையப் பேர். (தமிழில் எழுதினால் இது மார்க்கெட்டில் பாட்டிலில் விற்கும் தேனாகவும் தெரியும். பரவாயில்லை, இங்கே குழப்பம் வராது.)

நம் ‘விட’ எங்கே வழுக்குகிறது

விதியை மனப்பாடம் செய்வதற்கு முன், தமிழ் பேசுபவருக்கு இந்தப் பிழை ஏன் வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. காரணம் தெரிந்தால் பாதி தானாகவே நின்றுவிடும்.

தமிழில் ‘விட’வுக்கு முன்னால் எப்போதும் ‘ஐ’ உருபுதான் வரும். கொடைக்கானலைவிட, என்னைவிட, பஸ்ஸைவிட. அந்தச் சொல் வாக்கியத்தில் என்ன வேலை செய்தாலும் சரி, அதன் உருபு கழன்று ‘ஐ’ ஒட்டிக்கொள்ளும். “மதுரையில் கொடைக்கானலைவிட வெயில் அதிகம்” என்பதைப் பாருங்கள். மதுரைக்கு ‘இல்’ இருக்கிறது. கொடைக்கானலுக்கும் ‘இல்’தான் வந்திருக்க வேண்டும், ஆனால் ‘விட’ அதை விழுங்கிவிட்டது. நாம் கவலைப்படுவதில்லை, கேட்பவர் நிரப்பிக்கொள்கிறார்.

நிரப்ப முடியாத இடமும் உண்டு. “அக்கா என்னைவிடத் தம்பிக்கு அதிகம் செலவழிக்கிறாள்” என்றால் என்ன அர்த்தம்? எனக்குச் செலவழிப்பதைவிடத் தம்பிக்கு அதிகம் என்பது ஒன்று. தம்பிக்கு நான் செலவழிப்பதைவிட அக்கா அதிகம் செலவழிக்கிறாள் என்பது இன்னொன்று. முதலாவது புகார், இரண்டாவது பாராட்டு. வீட்டில் பேசும்போது குரலை வைத்துப் புரிந்துவிடும். தாளில் குரல் இல்லை.

ஆங்கிலத்தில் ‘தேன்’ எந்த உருபையும் விழுங்காது. என்ன வைக்கிறீர்களோ அதுதான் நிற்கும். அதனால் புகாருக்கு “மை சிஸ்டர் ஸ்பெண்ட்ஸ் மோர் ஆன் மை பிரதர் தேன் ஆன் மீ” என்று ‘ஆன்’ திரும்ப வர வேண்டும். பாராட்டுக்கு “மை சிஸ்டர் ஸ்பெண்ட்ஸ் மோர் ஆன் மை பிரதர் தேன் ஐ டூ” என்று வினை வர வேண்டும். “தேன் மீ” என்று மொட்டையாக விட்டால் தமிழில் இருந்த அதே குழப்பம் அங்கேயும் வந்து உட்காரும்.

சொல் வரிசையும் நம்மை வழுக்க வைக்கிறது. தமிழில் எதோடு ஒப்பிடுகிறோமோ அதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் அது வழக்கமாகக் கடைசியில் வரும், நடுவில் பத்து சொல் கடந்து போயிருக்கும். கடைசிக்கு வரும்போது எதிலிருந்து தொடங்கினோம் என்பது மறந்துபோய், வாய்க்கு வந்த பெயர்ச்சொல்லைப் போட்டு முடித்துவிடுகிறோம். நீளமான வாக்கியங்களில்தான் இந்தப் பிழை அதிகம் வருவதற்கு இதுவே காரணம்.

ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்கும் முறை

மல்லிகை விலையைப் பற்றிய வாக்கியம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பனிக்காலத்தில் செடி சரியாகப் பூக்காது, வரத்து குறையும், விலை ஏறும். சித்திரை, வைகாசியில் வரத்து கொட்டும். இதைச் சொல்ல நினைத்து ஒருவர் இப்படி எழுதுகிறார்:

“தி பிரைஸ் ஆஃப் ஜாஸ்மின் இன் மதுரை இன் ஜனவரி இஸ் ஹையர் தேன் ஏப்ரல்.”

முதலில் ‘தேன்’னைச் சுற்றி வட்டம் போடுங்கள். ‘அஸ்’, ‘லைக்’, ‘அன்லைக்’, ‘கம்பேர்டு டு’ இருந்தால் அவற்றுக்கும் வட்டம் போட வேண்டும். இரண்டாவதாக, வட்டத்துக்கு வலப்பக்கம் உடனே நிற்பது என்ன என்று பாருங்கள். ‘ஏப்ரல்’, ஒரு மாதம். மூன்றாவதாக, அதற்கு ஜோடி இடப்பக்கத்தில் எங்கே என்று தேடுங்கள். மாதத்துக்கு ஜோடி மாதம்தான்: ஜனவரி. ஆனால் அங்கே ‘இன் ஜனவரி’ என்று இருக்கிறது, இங்கே வெறும் ‘ஏப்ரல்’. அதோடு வாக்கியத்தின் எழுவாய் விலை, மாதம் அல்ல. அப்படியானால் விலை ஏப்ரல் மாதத்தைவிட உயரம் என்று எழுதியிருக்கிறார்.

நான்காவது படிதான் முக்கியம், பலர் சோம்பல்பட்டுத் தாண்டிவிடுவதும் இதைத்தான். வலப்பக்கத்தை எதையும் மிச்சம் வைக்காமல் முழுதாக எழுதிப் பாருங்கள்:

“தி பிரைஸ் ஆஃப் ஜாஸ்மின் இன் மதுரை இன் ஜனவரி இஸ் ஹையர் தேன் தி பிரைஸ் ஆஃப் ஜாஸ்மின் இன் மதுரை இன் ஏப்ரல்.”

படிக்கச் சகிக்காது, ஆனால் பிழை இல்லை. இப்போது ஐந்தாவது படி: இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் சொற்களை வலப்பக்கத்தில் ஒவ்வொன்றாக அடியுங்கள். ‘தி பிரைஸ் ஆஃப் ஜாஸ்மின் இன் மதுரை’ மொத்தமும் போகும், அதன் இடத்தில் ‘இட் இஸ்’ வரும். “தேன் இட் இஸ் இன் ஏப்ரல்.” ‘இன்’ மட்டும் போகக் கூடாது, ஏனென்றால் அதுதான் ஏப்ரலை ஜனவரிக்கு ஜோடியாக்குகிறது.

இதோடு நிறுத்தலாம். ஆனால் இன்னொரு வேலை பார்த்தால் வாக்கியம் அழகாகும். ஒப்பிடும் இரண்டு துண்டுகளையும் ‘தேன்’னுக்கு இரண்டு பக்கமும் ஒட்டி நிறுத்துங்கள்:

“இன் மதுரை, ஜாஸ்மின் காஸ்ட்ஸ் மோர் இன் ஜனவரி தேன் இன் ஏப்ரல்.”

‘இன் ஜனவரி, தேன், இன் ஏப்ரல்.’ இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு. இப்படி நிறுத்தப் பழகினால் பிழை வருவது வெகுவாகக் குறையும், ஏனென்றால் ஜோடியை மறக்க இடைவெளியே இல்லை.

தட் ஆஃப், தோஸ் ஆஃப்

பெயர்ச்சொல்லை மறுபடி சொல்லாமல் அதன் இடத்தில் நிறுத்தும் சொற்கள் இவை. மீனாட்சியம்மன் கோயிலின் 14 கோபுரங்களில் உயரமானது தெற்குக் கோபுரம், ஏறக்குறைய 170 அடி. ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 236 அடி. இதை எழுதும்போது:

“தி ஹைட் ஆஃப் தி சவுத் டவர் இஸ் லெஸ் தேன் தி ஸ்ரீரங்கம் டவர்” என்றால் தவறு. உயரம் ஒரு பக்கம், கோபுரம் மறுபக்கம். “தேன் தட் ஆஃப் தி ஸ்ரீரங்கம் டவர்” என்றால் சரி. ‘தட்’ என்பது ‘தி ஹைட்’டுக்குப் பதிலாக நிற்கிறது.

ஒருமைக்கும் எண்ண முடியாதவற்றுக்கும் ‘தட்’, பன்மைக்கு ‘தோஸ்’. “தி ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் மதுரை ஆர் நேரோவர் தேன் தோஸ் ஆஃப் சண்டிகர்.” தெருக்கள் பன்மை, ஆகவே ‘தோஸ்’. தண்ணீர், மழை, வெயில், கூட்டம் எல்லாம் ‘தட்’. ‘ஆஃப்’தான் வர வேண்டும் என்றும் இல்லை. இடப்பக்கத்தில் ‘இன்’ இருந்தால் வலப்பக்கத்திலும் ‘இன்’ போடுங்கள்: “தி ரெயின்ஃபால் இன் மதுரை இஸ் லோவர் தேன் தட் இன் கொடைக்கானல்.”

இதில் மூன்று விதமாகக் கால் இடறும்.

ஒன்று, ஒருமை பன்மை மாறிப்போவது. “தி ரூம்ஸ் இன் திஸ் லாட்ஜ் ஆர் கிளீனர் தேன் தட் இன் தி அதர்” என்று எழுதுவது. அறைகள் பல, ஆகவே ‘தோஸ் இன்’.

இரண்டு, உடைமையை இரட்டிப்பாக்குவது. “தேன் தட் ஆஃப் சென்னை’ஸ்” என்று எழுதுபவர்கள் உண்டு. ‘தட் ஆஃப் சென்னை’ என்று எழுதுங்கள், அல்லது ‘சென்னை’ஸ்’ என்று விடுங்கள். இரண்டும் சேர்ந்தால் சென்னைக்குச் சொந்தமானதற்குச் சொந்தமானது என்றாகிவிடும்.

மூன்றாவதுதான் படித்தவர்களையும் பிடிக்கிறது: விதி தெரிந்த புதிதில் தேவையில்லாத இடத்திலும் ‘தட் ஆஃப்’ ஒட்டுவது. “மை பிரதர் இஸ் ஸ்ட்ராங்கர் தேன் தட் ஆஃப் மை சிஸ்டர்.” இங்கே எழுவாய் தம்பி. தம்பியையும் தங்கையையும் நேரடியாக ஒப்பிடலாம், இரண்டு பேரும் ஆட்கள். ‘தட் ஆஃப்’ போட்டால் தங்கையின் ஏதோ ஒரு பொருளோடு தம்பியை ஒப்பிடுகிறீர்கள். ஆகவே ‘தட் ஆஃப்’ எழுதும் ஒவ்வொரு தடவையும் கேளுங்கள்: இந்த ‘தட்’ எந்தப் பெயர்ச்சொல்லுக்குப் பதிலாக வந்தது? இடப்பக்கத்தில் விரல் வைத்துக் காட்ட முடியவில்லை என்றால் அதை அடித்துவிடுங்கள்.

எங்கள் கருத்து, ‘தட் ஆஃப்’ இல்லாமல் எழுத முடிந்தால் எழுதிவிடுவதே நல்லது. “தி சவுத் டவர் இஸ் ஷார்ட்டர் தேன் தி ஸ்ரீரங்கம் டவர்.” கோபுரம், கோபுரம். உயரத்தை எழுவாயாக்காமல் கோபுரத்தையே எழுவாயாக்கினால் பிரச்சினையே எழாது. தேர்வுத் தாளில் ‘தட் ஆஃப்’ தெரிந்திருக்க வேண்டும். சொந்த எழுத்தில் அது பத்து வாக்கியத்துக்கு ஒன்று வந்தால் போதும்.

விழுந்துபோகும் ‘இன்’, ‘ஆன்’, ‘அட்’

‘விட’ உருபை விழுங்குவதால் நமக்கு வரும் நேரடி நோய் இது. “தேர் ஆர் மோர் பஸ்ஸஸ் ஃப்ரம் மாட்டுத்தாவணி தேன் ஆரப்பாளையம்” என்று எழுதிவிடுவோம். ஆரப்பாளையத்தைவிட அதிக பஸ் என்று தமிழில் ஓடுகிறதே. ஆங்கிலத்தில் “தேன் ஃப்ரம் ஆரப்பாளையம்” என்று இருக்க வேண்டும். இடப்பக்கத்தில் ‘இன்’, ‘ஆன்’, ‘ஃப்ரம்’ போன்ற முன்னிடைச்சொல் ஒன்று இருந்தால் வலப்பக்கத்திலும் ஒன்று வேண்டும். அதே சொல்லாக இருக்க வேண்டும் என்பதில்லை. “ஐ ஸ்டடி பெட்டர் இன் தி லைப்ரரி தேன் அட் ஹோம்” என்பதில் ‘இன்’னும் ‘அட்’டும் வேறு, ஆனால் இரண்டும் இடம் சொல்லும் துண்டுகள். வடிவம் ஒன்றுதான்.

வினை வடிவம்: இங்கே தமிழ் கைகொடுக்கும்

“பஸ்ஸில் போவதைவிட ரயிலில் போவது மலிவு.” போவதை, போவது. தமிழில் இரண்டு பக்கமும் தானாகவே ஒரே வடிவத்தில் வந்துவிடுகிறது. ஆனால் ஆங்கிலத்துக்குப் போகும்போது அதைக் கைவிட்டு, “கோயிங் பை டிரெயின் இஸ் சீப்பர் தேன் டு கோ பை பஸ்” என்று எழுதிவிடுகிறோம். ‘இங்’ வடிவத்தில் தொடங்கினால் ‘இங்’கில் முடியுங்கள்: “தேன் கோயிங் பை பஸ்.” ‘டு’ வடிவத்தில் தொடங்கினால் ‘டு’: “இட் இஸ் சீப்பர் டு கோ பை டிரெயின் தேன் டு கோ பை பஸ்.” இதிலும் இரண்டாவது ‘டு கோ’வை அடிக்கலாம். “தேன் பை பஸ்” என்று மட்டும் விட்டால் இன்னும் கச்சிதம்.

பெயர்ச்சொல் ஒரு பக்கம், ‘இங்’ மறுபக்கம் என்று கலப்பதும் உண்டு. “டிரெயின் டிராவல் இஸ் சேஃபர் தேன் ரைடிங் எ பைக்.” பேச்சில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். தேர்வில் “டிராவலிங் பை டிரெயின் இஸ் சேஃபர் தேன் ரைடிங் எ பைக்” என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

வலப்பக்கத்துத் துணைவினை

“ஷி ஒர்க்ஸ் ஹார்டர் தேன் மீ” சரியா, “தேன் ஐ” சரியா என்று சண்டை போடுவார்கள். பேச்சில் ‘தேன் மீ’ எல்லா நாட்டிலும் புழங்குகிறது. வெறும் ‘தேன் ஐ’ காதுக்கு விறைப்பாக இருக்கும். எழுத்தில் சண்டையே வராத வழி, துணைவினையைச் சேர்ப்பது: “தேன் ஐ டூ.”

எந்தத் துணைவினை என்பதை இடப்பக்கம் சொல்லும். ‘ஷி இஸ்’ என்றிருந்தால் வலப்பக்கம் ‘ஐ ஆம்’. ‘ஷி ஒர்க்ஸ்’ என்றால் ‘ஐ டூ’. ‘ஷி கேன் ஸ்பீக்’ என்றால் ‘ஐ கேன்’. “ஷி கேன் ஸ்பீக் இங்கிலீஷ் பெட்டர் தேன் ஐ டூ” என்று எழுதினால் அவளுடைய திறமையையும் என்னுடைய பழக்கத்தையும் ஒப்பிட்டதாகிவிடும்.

ஒரு தவறான நம்பிக்கையை இங்கேயே சொல்லிவிடலாம். இணையமைப்பு என்றால் காலமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. “டிரெயின்ஸ் ரன் ஃபாஸ்டர் நவ் தேன் தே டிட் இன் தி மீட்டர் கேஜ் டேஸ்.” இடப்பக்கம் நிகழ்காலம், வலப்பக்கம் இறந்தகாலம். உண்மையிலேயே காலம் வேறு என்பதால் வினையும் வேறாகத்தான் வர வேண்டும். வடிவம் பொருந்தினால் போதும்.

எனி, எனி அதர்

“தி சவுத் டவர் இஸ் ஹையர் தேன் எனி டவர் இன் தி மீனாட்சி டெம்பிள்.” தெற்குக் கோபுரமும் அந்தக் கோயிலில்தானே இருக்கிறது? அப்படியானால் அது தன்னைவிடவே உயரமாக இருக்கிறது என்று சொல்கிறீர்கள். ‘எனி அதர் டவர்’ என்று எழுதித் தெற்குக் கோபுரத்தைக் கூட்டத்திலிருந்து பிரித்து வையுங்கள்.

வேறு கூட்டத்தோடு ஒப்பிட்டால் ‘அதர்’ கூடாது. “தி சவுத் டவர் இஸ் ஹையர் தேன் எனி டவர் இன் தி கூடலழகர் டெம்பிள்.” தெற்குக் கோபுரம் கூடலழகர் கோயிலில் இல்லை, ஆகவே பிரித்து வைக்க வேண்டிய தேவையில்லை. இதற்கு ஒரே ஒரு கேள்வி போதும்: எழுவாய் அந்தக் கூட்டத்துக்குள் இருக்கிறதா? இருந்தால் ‘அதர்’ அல்லது ‘எல்ஸ்’. இல்லையென்றால் வேண்டாம்.

அஸ், லைக், டு

‘அஸ்... அஸ்’ என்று இரண்டு தடவை வர வேண்டிய இடத்தில் ஒன்றை விழுங்கிவிடுவது வழக்கமான பிழை. “பிரியாணி ஹியர் இஸ் அஸ் குட், இஃப் நாட் பெட்டர் தேன், தி பிரியாணி இன் திண்டுக்கல்” என்று எழுதினால் ‘அஸ் குட்’ அந்தரத்தில் தொங்கும். “அஸ் குட் அஸ், இஃப் நாட் பெட்டர் தேன்,” என்று இரண்டாவது ‘அஸ்’ஸையும் சேருங்கள். மடங்கு சொல்வதற்கும் இந்த ‘அஸ்’ உதவும். வைகை 258 கிலோமீட்டர், காவிரி சுமார் 800 கிலோமீட்டர்: “தி வைகை இஸ் லெஸ் தேன் எ தேர்ட் அஸ் லாங் அஸ் தி காவிரி.” ஆறு, ஆறு.

‘லைக்’, ‘அன்லைக்’ இரண்டும் வாக்கியத்தின் தலையில் வந்து உட்காரும்போது ஏமாற்றிவிடும். “அன்லைக் கோயம்புத்தூர், தி சம்மர் இன் மதுரை இஸ் ஹார்ஷ்” என்றால் கோயம்புத்தூரையும் கோடையையும் ஒப்பிட்டாயிற்று. காற்புள்ளிக்கு அந்தப் பக்கம் உடனே நிற்கும் எழுவாய்தான் ஜோடி. “அன்லைக் கோயம்புத்தூர், மதுரை ஹாஸ் எ ஹார்ஷ் சம்மர்” என்று ஊரை எழுவாயாக்கினால் முடிந்தது. இடத்தைச் சொல்லும் துண்டோடு ஒப்பிட வேண்டுமானால் ‘லைக்’கை விட்டு ‘அஸ்’ போடுங்கள்: “அஸ் இன் சென்னை, ஆட்டோ ஃபேர்ஸ் ஹியர் ஆர் ஹை.”

சில சொற்களுக்கு ‘தேன்’னே வராது, ‘டு’தான்: சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர், ப்ரிஃபர். “ஐ ப்ரிஃபர் வாக்கிங் டு டேக்கிங் எ ஷேர் ஆட்டோ.” இங்கேயும் ‘இங்’குக்கு ‘இங்’. ‘மோர் பெட்டர்’, ‘மோர் சீப்பர்’ என்பவை இணையமைப்புப் பிழை அல்ல. ‘இன்னும் நல்லது’ என்று தமிழில் நினைத்து மொழிபெயர்ப்பதால் வருபவை. ‘மோர்’ரை அடித்துவிட்டு மேலே போங்கள்.

அணை நீர்மட்டத்தை வைத்துத் தினப் பயிற்சி

பயிற்சிக்குத் தனிப் புத்தகம் வேண்டியதில்லை. மதுரைப் பதிப்பு நாளிதழ்களில் பெரியாறு, வைகை அணைகளின் நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் வரும். இரண்டு அணை, சில எண்கள், நேற்று, இன்று. ஒப்பீட்டுக்கு இதைவிட நல்ல சரக்கு கிடையாது. தினமும் மூன்று வாக்கியம், பதினைந்து நிமிடம். ஒன்று இரண்டு அணைகளுக்கிடையில், ஒன்று நேற்றுக்கும் இன்றைக்கும் இடையில், ஒன்று வரத்துக்கும் வெளியேற்றத்துக்கும் இடையில்.

முதல் வகை: “தி வாட்டர் லெவல் இன் தி வைகை டேம் இஸ் லோவர் தேன் தட் இன் தி பெரியார் டேம்.” இரண்டாம் வகை: “தி லெவல் இஸ் டூ ஃபீட் ஹையர் டுடே தேன் இட் வாஸ் எஸ்டர்டே.” மூன்றாம் வகையில் ‘இன்ஃப்ளோ’, ‘அவுட்ஃப்ளோ’ என்ற பெயர்களைத் தேடி அலைய வேண்டாம்: “மோர் வாட்டர் இஸ் ஃப்ளோயிங் இன்டு தி டேம் தேன் அவுட் ஆஃப் இட்.” ‘இன்டு’வுக்கு ‘அவுட் ஆஃப்’ ஜோடி. இந்த வாக்கியத்தை இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், இணையமைப்பு என்பது காதில் எப்படி ஒலிக்கும் என்று பிடிபட்டுவிடும்.

மடங்குக்கும் இங்கேயே சரக்கு இருக்கிறது. வைகை அணையில் 71 அடி வரை தேக்கலாம். பெரியாறில் 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 142 அடி வரை. சரியாக இரு மடங்கு. “தி மேக்ஸிமம் லெவல் அலௌடு இன் தி பெரியார் டேம் இஸ் ட்வைஸ் தட் இன் தி வைகை டேம்.” ‘ட்வைஸ்’ வரும்போது ‘தேன்’ தேவையில்லை என்பதையும் கவனியுங்கள்.

ஒரு பத்தியைத் திருத்துவோம்

புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குத் தேர்வுக்குப் படிக்க வருபவர்கள் பலர். அங்கே படிப்பதையும் வீட்டில் படிப்பதையும் ஒப்பிட்டு எழுதச் சொன்னால் வரக்கூடிய பத்தி இப்படி இருக்கும். ஆறு வாக்கியம், ஆறிலும் பிழை. திருத்தத்தைப் பார்க்கும் முன் நீங்களே வட்டம் போட்டுப் பாருங்கள்.

“ஸ்டடியிங் இன் எ லைப்ரரி இஸ் பெட்டர் தேன் டு ஸ்டடி அட் ஹோம். தி டேபிள்ஸ் இன் தி லைப்ரரி ஆர் லார்ஜர் தேன் மை ஹவுஸ். தேர் இஸ் லெஸ் நாய்ஸ் இன் தி ரீடிங் ஹால் தேன் மை ஸ்ட்ரீட். அன்லைக் மை ஹவுஸ், தி லைட் தேர் இஸ் ஸ்டெடி. ஐ ரீட் ஃபாஸ்டர் தேர் தேன் எனி பிளேஸ். ஐ ப்ரிஃபர் சிட்டிங் தேர் தேன் டு சிட் அட் ஹோம்.”

முதல் வாக்கியத்தில் ‘ஸ்டடியிங்’குக்கு ‘ஸ்டடியிங்’: “தேன் ஸ்டடியிங் அட் ஹோம்.”

இரண்டாவதில் நூலக மேசை வீட்டைவிடப் பெரிதாகிவிட்டது. “தேன் தோஸ் இன் மை ஹவுஸ்.” வீட்டில் இருப்பதே ஒரு மேசைதான் என்றால் ‘தோஸ்’ பொருந்தாது, “தேன் தி ஒன் இன் மை ஹவுஸ்” என்று எழுத வேண்டும். இலக்கணத்துக்கு முன்னால் உண்மை எப்படி என்று பார்ப்பதும் எழுதுபவர் வேலைதான்.

மூன்றாவதில் முன்னிடைச்சொல் விழுந்திருக்கிறது: “தேன் ஆன் மை ஸ்ட்ரீட்.” ‘இன் மை ஸ்ட்ரீட்’ என்றாலும் தவறில்லை, பிரிட்டிஷ் வழக்கு அது.

நான்காவதில் வீட்டுக்கு ஜோடியாக வெளிச்சம் நிற்கிறது. “அன்லைக் தி லைட் இன் மை ஹவுஸ், தி லைட் தேர் இஸ் ஸ்டெடி.” ‘அன்லைக் தட் இன் மை ஹவுஸ்’ என்றும் எழுதலாம். ஆனால் ‘தட்’ எதைக் குறிக்கிறது என்பது காற்புள்ளி தாண்டித்தான் தெரியும். படிப்பவரை அவ்வளவு தூரம் காத்திருக்க வைக்காமல் ‘லைட்’டை இரண்டு தடவை சொல்வதே மேல்.

ஐந்தாவதில் நூலகமும் ஓர் இடம்தானே. “தேன் எனிவேர் எல்ஸ்.” ‘தேர்’ருக்கு ‘எனிவேர்’ நல்ல ஜோடி. ‘இன் எனி அதர் பிளேஸ்’ என்று நீட்ட வேண்டியதில்லை.

ஆறாவதில் இரண்டு பிழை ஒன்றாக வந்திருக்கின்றன: ‘ப்ரிஃபர்’ருக்கு ‘டு’ வர வேண்டும், ‘சிட்டிங்’குக்கு ‘சிட்டிங்’ வர வேண்டும். “ஐ ப்ரிஃபர் சிட்டிங் தேர் டு சிட்டிங் அட் ஹோம்.”

எல்லாம் திருத்திய பிறகு பத்தியை மறுபடி வாய்விட்டுப் படியுங்கள். பிழை இருக்காது, ஆனால் ஆறு ஒப்பீடு வரிசையாக வந்து காதில் சுத்தியல் அடிப்பதுபோல் இருக்கும். இரண்டாவதையும் நான்காவதையும் சாதாரண வாக்கியங்களாக மாற்றிவிடுங்கள்: “தி டேபிள்ஸ் ஆர் லார்ஜ், அண்ட் தி லைட் இஸ் ஸ்டெடி.” அப்போது மிச்சம் இருக்கும் நான்கு ஒப்பீடுகள் தனியாக எடுபடும்.